முகத்தைத் திருப்பிக்கொண்டு நீ சொன்னது

டேய் கண்ணா, நீ என்மேல் கோபமாக இருக்கிறாய். இருந்துவிட்டுப் போ, பெற்றவளிடம் கோபித்துக்கொள்ளாமல் வேறு யாரிடம் போய்க் கோபித்துக்கொள்வாய். ஆனால் எதற்காகக் கோபப்படுகிறாயோ அதை நான் செய்யவே இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு கோபப்படு. அன்றைக்கு வீடியோவில் நீ ஒரு விஷயம் சொன்னாய். அதை நான் கேட்டுவிட்டு, பிடிக்காமல், சாக்குச் சொல்லிப் போனை வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் கேட்கவே இல்லையடா. உன் அம்மாவுக்குக் காது கேட்காது. ஒரு காது இல்லை, இரண்டு காதும். இதோ எழுதிவிட்டேன், வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. இந்த ஒரு வரியைச் சொல்லத்தான் இத்தனை வருஷம் பயந்து செத்தேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ வேலை பார்க்கிற நொய்டா நிலையத்து மாடியில் நின்றுகொண்டிருந்தாய். டிவி சேனல்களை மேலே சாட்டிலைட்டுக்கு அனுப்புகிற அந்தப் பெரிய டிஷ் உனக்குப் பின்னால். நம் வீட்டைத் தூக்கி அதற்குள் வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும் போல. நான் போனைச் சமையல்கட்டில் அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்துவிட்டு உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சாப்டியாம்மா", "அப்பா எங்க", "இங்க காத்து ஓவரா அடிக்குது" எல்லாம் வந்தது. அப்புறம் டிஷ்ஷைக் காட்டுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பினாய். திரும்பியவன் திரும்பியபடியே நின்றாய். உன் காது, கழுத்து, போன தடவை வந்தபோதே வெட்டச் சொன்ன முடி, இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. தாடை அசைந்தது. டிஷ்ஷைப் பற்றி ஏதோ அளந்துகொண்டிருக்கிறாய் என்று நினைத்தேன். வெட்கம் வந்தால் சுவரைப் பார்த்துப் பேசுகிற பிள்ளை நீ என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. மறுபடி என் பக்கம் திரும்பி, "இன்னாம்மா சொல்ற?" என்றாய். நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். சிரித்துவிட்டு, "சரிப்பா, குக்கர் வெச்சிகீறேன், அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டேன். வைக்கிறபோது உன் முகம் தொங்கிப்போனதைப் பார்த்தேன். வெயிலில் நிற்கிறான், களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு நீ கூப்பிடவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை.

உன் கோபத்தை எனக்குச் சொன்னது ஸ்டெல்லாதான். நான் டிஷ் செய்கிற கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து என் பக்கத்து பிரஸ்ஸில் நிற்பவள். அவள் மகனும் நீயும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, "இன்னாடி நீ, புள்ள எவ்ளோ ஆசையா ஒரு பொண்ணப் பத்தி சொல்லிகீறான், மூஞ்சில அடிச்சா மாதிரி போன வெச்சிட்டியாமே? எங்க வூட்டுப் பையன்கிட்ட சொல்லி அழுதுகீறான்" என்றாள். பஸ் மேடு பள்ளத்தில் குதித்தபடி இருந்தது, அவள் உதடும் குதித்தது. ஆனாலும் 'பொண்ணு' என்ற சொல் தவறாமல் வந்து சேர்ந்தது. எந்தப் பெண், என்ன விவரம் என்றேன். அவளுக்கும் அதற்குமேல் தெரியவில்லை. அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரகடம் ரவுண்டானாவில் பஸ் திரும்புகிறது, முன் சீட்டுப் பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள், நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறேன். என் பிள்ளை கல்யாணப் பேச்சை எடுத்திருக்கிறான், நான் குக்கரைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

போன் போட்டுச் சொல்லலாம் இல்லையா என்பாய். சொல்லலாம், நீ பதிலுக்குச் சொல்வது யாருக்குக் கேட்கும்? மெசேஜ் அடிக்க உட்கார்ந்தேன். கட்டைவிரல் அவ்வளவு தூரம் நடக்கிற விரல் இல்லை, அடிப்பதும் அழிப்பதுமாக ஒரு மத்தியானம் போயிற்று. அதனால்தான் பேனா. இதை ஸ்டெல்லா படித்தாலும் சரி, உன் கூட்டாளிகள் படித்தாலும் சரி, ஊரே படித்தாலும் சரி. போனில் எதற்கெடுத்தாலும் 'சரிப்பா, சரிப்பா' என்று சொல்கிற அம்மா நிறைய வீட்டில் இருக்கிறாள். அந்தப் பிள்ளைகளும் ஒருமுறை யோசித்துப் பார்க்கட்டும்.

காது போனதற்கு ஒருத்தர்மேலும் பழி போட மாட்டேன். எங்கள் பிரஸ் ஷாப்புக்குள் நீ வந்ததில்லை. தகடு போய் டை என்கிற அச்சில் உட்காரும், மேலே இருந்து பிரஸ் இறங்கும், எழும்பும்போது தகடு குழிந்து டிஷ்ஷாக இருக்கும். இறங்குகிற அந்தச் சத்தம் காதுக்கு வருவதில்லை, நேராக மார்புக்கு வரும். ஒன்றா இரண்டா, லைன் முழுக்க இறங்கிக்கொண்டே இருக்கும். காதில் அடைத்துக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் பஞ்சு மாதிரி ஒன்று கொடுப்பார்கள். அடைத்தால் எனக்கு அரிக்கும். ஆடிட் வரும் நாளில் காதில் இருக்கும், மற்ற நாளில் ஊக்கோடு சேர்த்துத் தோளில் குத்தியிருக்கும். அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் நீ பிதுக்கிப் பிதுக்கி விளையாடுவாய், ஞாபகம் இருக்கிறதா? சூப்பர்வைசர் கத்தத்தான் செய்தார். எங்களுக்குத்தான் திமிர்.

அந்தச் சத்தத்துக்குள் பேசாமல் இருக்க முடியுமா பெண்களால்? நாங்கள் வாயால் பேசுவோம், குரலை விட்டுவிடுவோம். உதட்டை நன்றாக அசைத்து, ஒரு சத்தமும் இல்லாமல். மணிக்கட்டைத் தட்டினால் இன்றைக்கு ஓ.டி. மூக்கைத் தொட்டால் சூப்பர்வைசர் வருகிறார், அவர் மூக்கு அப்படி. காதைத் திருகினால் மாமியார் சண்டை. மற்றதெல்லாம் உதடுதான். ஸ்டெல்லாவின் இரண்டாவது பிரசவம், நாங்கள் மண்ணூரில் வீடு கட்டியது, உனக்கு பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது, எல்லாவற்றையும் பிரஸ் இறங்கி ஏறுகிற இடைவெளியில் பேசித் தீர்த்திருக்கிறோம். புதிதாக வருகிற பெண்கள் ஒரு மாதம் திருதிருவென்று முழிப்பார்கள், அப்புறம் அவர்களுக்கும் வந்துவிடும். ஆகக்கூடி, காது கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிப் போனபோது எனக்கே தெரியவில்லை. அது விட்டுவிட்டுப் போன வேலையைக் கண் எடுத்துப் பார்த்துக்கொண்டது.

இத்தனைக்கும் நான் செய்வது கேட்கிற பொருள். அதுகூட எனக்கு நீ சொல்லித்தான் தெரியும். அதுவரைக்கும் டிஷ் என்றால் எனக்குக் கோணாத விளிம்பும் குழி விழாத முகமும்தான். பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் என்று நினைக்கிறேன், லீவு நாளில் காலங்காத்தாலே என்னை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாய். காக்கைக்குத் தண்ணீர் வைக்க நான் வாங்கி வந்திருந்த ரிஜெக்ட் டிஷ்ஷில் இருந்த தண்ணீரைக் கொட்டி, துடைத்து, குழிவு மேலே பார்க்க வைத்தாய். அப்பாவை ஸ்டூல்மேல் ஏற்றி, கையில் காய்ந்த பட்டாணியைக் கொடுத்து, நேராகக் கீழே போடச் சொன்னாய். "எங்க உயுந்தாலும் எகிறி ஒரே எடத்துக்குத்தாம்மா வரும், அங்க டம்ளரப் புடி" என்றாய். நானும் பிடித்தேன். பாதிப் பட்டாணி டம்ளரைப் பார்த்து வந்தது, கால்வாசி என் மூக்கில் அடித்தது, மிச்சம் தெருவுக்குப் போயிற்று. அப்பா சிரித்த சிரிப்பில் ஸ்டூல் ஆடியது. ஆனால் எனக்கு அன்றைக்கு ஏதோ புரிந்துவிட்டது. அந்தக் குழிவு சும்மா ஒரு அழகுக்கு இல்லை. மேலே இருந்து நேர்கோடாக வருவது அதன்மேல் எந்த மூலையில் பட்டாலும், பட்ட இடத்திலிருந்து ஒரே புள்ளிக்குத் திருப்பிவிடுகிற குழிவு. ஒரு விரல் அகலத்துக்குத் தகடு நசுங்கினாலும் அந்த இடத்தில் விழுந்தது வேறு எங்கேயோ போய்விடும். அதற்கப்புறம் நசுங்கிய டிஷ்ஷை ரிஜெக்ட்டில் போடும்போதெல்லாம் யாருடைய பேச்சோ வழியில் தொலைந்துபோகிற மாதிரி எனக்கு மனசு கஷ்டப்படும்.

இன்னொன்றும் சொன்னாய். நம் வீட்டு டிஷ் வட்டம் இல்லை, அளந்து பார்த்தால் உயரம் கொஞ்சம் கூட இருக்கும். ஒரு பெரிய கிண்ணத்தின் நடுப்பகுதியை விட்டுவிட்டு ஓரத்தில் வெட்டி எடுத்த துண்டு அது. அதனால்தான் சேர்கிற புள்ளி நடுவில் வராமல் கீழே தள்ளி வருகிறது. ஒரு கம்பி நீட்டி, அதன் நுனியில் எல்.என்.பி. என்கிற அந்தச் சின்னத் தலையை அங்கே வைக்கிறார்கள். நடுவில் வைத்தால் அதன் நிழலே டிஷ்மேல் விழுந்து வருகிறதை மறைக்குமாம். பந்தியில் பரிமாறுகிறவர் இலைக்கு நேராக நின்று வெளிச்சத்தை மறைக்காமல் ஓரமாக நிற்கிற மாதிரி என்று நான் சொன்னேன். "அதேதாம்மா" என்று என் கன்னத்தைக் கிள்ளினாய். பெரிய மனுஷன் மாதிரி.

அதற்கப்புறம் கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் எனக்கு வேறு வேலையே இல்லை. சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் போகிற பஸ் அது, வழியில் எத்தனை மாடி, எத்தனை டிஷ். லாட்ஜ்மேல், டீக்கடைமேல், வடக்கத்திப் பிள்ளைகள் கூட்டமாகத் தங்கியிருக்கிற லைன் வீடுகள்மேல், கண்ணாடி வைத்த பங்களாமேல். ஒவ்வொன்றையும் எப்போதாவது என் கை தொட்டிருக்கும். அத்தனையும் ஒரே பக்கம் முகத்தைத் தூக்கிக்கொண்டு, ஒன்றுமே இல்லாத வானத்தைப் பார்த்தபடி அப்படியே நிற்கும். அங்கே ஒன்று இருக்கிறது, நமக்குத்தான் தெரியாது. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் தள்ளி, பூமி சுற்றுகிற அதே வேகத்தில் கூடவே சுற்றுகிறது, அதனால் நின்ற இடத்திலேயே நிற்கிற மாதிரி இருக்கிறது. கோயில் பிரகாரத்தில் நம்மோடு அதே நடையில் நடக்கிறவர் நம் பக்கத்திலேயே இருக்கிற மாதிரி. அங்கேயிருந்து வருகிற சத்து எவ்வளவு என்று கேட்டேன், "கொசு பறக்கற சத்தம் கூட அதுக்கு முன்னாடி இடிம்மா" என்றாய். யோசித்துப் பாரேன், அவ்வளவு மெலிசாக, பாட்டும் செய்தியும் சமையல் குறிப்பும் நாள் முழுக்க எல்லார் தலைமேலும் பெய்துகொண்டே இருக்கிறது. வடாம் காய்கிற துணிமேல் பெய்கிறது, மாட்டின் முதுகில் பெய்கிறது, பஸ்ஸுக்காக நிற்கிற என்மேல் பெய்து புடவை நனையாமல் ஊடுருவிப் போகிறது. டிஷ் ஒன்றுதான் தன் உடம்பு முழுக்க அதைத் தாங்கி ஓர் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இப்படி நினைத்துக்கொண்டே எத்தனையோ நாள் என் ஸ்டாப்பிங்கைத் தாண்டிப் போயிருக்கிறேன். டிரைவர் உன் அப்பாவாக இருக்கும் நாளில் மட்டும் தப்பித்தேன், ஹாரன் அடித்து இறக்கிவிடுவார். ஹாரனும் எனக்குக் கேட்காது, ஸ்டெல்லா விலாவில் இடிப்பாள்.

உன் அப்பா டிஷ்ஷுக்குச் செய்த அலங்காரத்தை மறந்திருக்க மாட்டாய். அந்த வருஷம் ஸ்ரீபெரும்புதூர் கோயில் உற்சவத்துக்கு என் தங்கை குடும்பம் வருகிறது என்று வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பஸ் பம்பருக்கு அடிக்கிற குரோம் ஸ்ப்ரே கொஞ்சம் மிச்சமிருந்தது. கேட்டுக்கு அடித்தார், தண்ணீர்த் தொட்டி மூடிக்கு அடித்தார், டிஷ்ஷுக்கும் அடித்துவிட்டார். கண்ணாடி மாதிரி ஜொலித்தது, தெருவே பார்த்தது. "இன்னாத்துக்கு அந்த கம்பெனிக்காரன் சாம்பல் கலர் அடிச்சி வெச்சிகீறான், டேஸ்ட்டே இல்ல" என்று எனக்கே சொன்னார். நாங்கள் பவுடர் கோட்டிங்கில் அந்தச் சாம்பல் நிறத்தைச் சொரசொரப்பாக அடித்து, அடுப்பில் சுட்டு, பளபளத்தால் ரிஜெக்ட் செய்கிறோம். ஏன் என்று நானும் கேட்டதில்லை. பங்குனி பிறந்த சமயம், உச்சி வெயிலில் டிவி நின்றது. வருஷத்துக்கு இரண்டு முறை, பங்குனியிலும் புரட்டாசியிலும், சூரியன் நேராக சாட்டிலைட்டுக்குப் பின்னால் வந்து நிற்குமாம். அந்தச் சில நிமிஷம் சூரியன் போடுகிற கூச்சலில் சாட்டிலைட்டின் முணுமுணுப்பு எந்த டிஷ்ஷுக்கும் கேட்காது, அப்புறம் படம் தானாகவே திரும்பி வந்துவிடும். மற்ற வீட்டில் வந்துவிட்டது. நம் வீட்டில் வரவில்லை. மாடிக்குப் போய்ப் பார்த்தால் எல்.என்.பி.யின் மூடி மெழுகுவர்த்தி மாதிரி உருகிச் சொட்டிக்கொண்டிருக்கிறது! சாட்டிலைட்டிலிருந்து வருவதைச் சேர்க்கிற அதே குழிவு, கண்ணாடியாக ஆக்கியதும் வெயிலையும் சேர்த்து அதே புள்ளியில் கொட்டிவிட்டது. அந்தச் சொரசொரப்பு வெயிலைச் சிதறடிக்கத்தான் என்று நீ விழுந்து விழுந்து சிரித்தபடி சொன்னாய். என் தங்கை வீட்டார் வந்தபோது டிவியும் இல்லை, உன் அப்பா வாயிலிருந்து பேச்சும் இல்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவனே, இதைக் காதில் போட்டுக்கொள். அவளிடம் பளபளப்பாக இருக்கப் பார்க்காதே. சாம்பலாகவே இரு.

எனக்குக் காது கேட்கவில்லை என்பது முகக்கவசம் வந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. கொரோனாவில் மூடிய கம்பெனி திறந்த முதல் நாள், எல்லார் வாய்க்கும் நீலத் துணி. பிரஸ் ஓடுகிறது, எதிரே ஸ்டெல்லா நிற்கிறாள், கண் மட்டும் இருக்கிறது. என்னவோ கேட்கிறாள் என்று புருவத்திலிருந்து தெரிகிறது, என்ன என்று தெரியவில்லை. சரி, பிரஸ் சத்தம் என்று விட்டேன். கேன்டீனில் பிரஸ் இல்லையே. அங்கேயும் நீலத் துணிகள் அசைந்தன, ஒன்றும் வரவில்லை. கேன்டீனில் அத்தனை பேர் பேசுகிறார்கள், எனக்கு மட்டும் யாரோ டிவி சத்தத்தைக் குறைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. கை கழுவுகிற இடத்தில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். தண்ணீர் விழுகிறது, சத்தம் இல்லை. அன்றைக்கு நான் பயந்த மாதிரி என் ஆயுசில் பயந்ததில்லை. ஆனால் சொல்லவில்லை. சொன்னால் லைனிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயம், அப்புறம் முகக்கவசம் போனதும் உதடெல்லாம் திரும்பி வந்தன, அப்படியே ஓட்டிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். உன்னிடமும் மறைத்தேன். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பஸ்ஸில் அழுத அன்று வீட்டுக்கு வந்ததும் உன் அப்பாவை எதிரே உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குக் காது கேட்காது என்றேன்.

"தெரியும்" என்றார்.

"எப்பத்துலேர்ந்து?"

"ரொம்ப நாளா."

"ஏன் சொல்லல?"

"நீயே மூடி வெச்சிக்கினுகீற. நான் இன்னாத்துக்குத் தெறக்கணும்?"

அப்புறம்தான் எனக்கு டிவி ஞாபகம் வந்தது. நீ லீவுக்கு வரும்போதெல்லாம் அவரிடம் சண்டை போடுவாயே, "செவிடாப்பா நீ, தெருவுக்கே கேக்குது, சவுண்ட கொற" என்று. அவர் சிரித்துக்கொண்டே, "வயசாவுதுடா, டிரைவர் காது" என்பார். அவர் காதுக்கு ஒன்றும் இல்லையடா. எனக்காக ஏற்றி வைத்து ஏற்றி வைத்து, தெருக்காரர்களிடமும் உன்னிடமும் செவிடன் பட்டத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னோடு பேசும்போது எதிரே வந்து உட்கார்ந்துதான் பேசுவார், நான் ஆசையில் வருகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும்தான் என்று வைத்துக்கொள். எனக்கு அப்போது அவர்மேல் வந்த கோபத்தையும் பாசத்தையும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கையிலிருந்த முறத்தால் அவர் முழங்காலில் ஒரு அடி அடித்தேன்.

போன வாரம் காஞ்சிபுரத்தில் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். ஒரு அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நான், சத்தம் அனுப்புகிற பெண் எப்போது குமிழைத் திருகுகிறாள் என்று கண்ணாடி வழியாக அவள் கையைப் பார்த்து அமுக்கினேன். கண்டுபிடித்துவிட்டாள், என்னைச் சுவர் பக்கம் திருப்பி உட்காரவைத்தாள். வெளியே இருக்கிற மடல், உள்ளே இருக்கிற சவ்வு எல்லாம் நன்றாக இருக்கிறதாம், அதற்கும் உள்ளே நத்தை மாதிரி இருப்பதில் மயிர் போல நரம்புகள் இருக்குமாம், அவைதான் போய்விட்டன என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். "டிஷ் நல்லாகீது, எல்.என்.பி. பூட்ச்சி, அவ்ளோதான சார்?" என்றேன். அவர் முதலில் முழித்தார், அப்புறம் சிரித்து, ஆமாம் என்றார். போனது திரும்ப முளைக்காது, மிஷின் வைத்தால் ஓரளவு கேட்கும் என்றார். அளவெடுத்திருக்கிறார்கள், வருவதற்கு நாளாகும். வந்தாலும் உன் குரல் பழைய மாதிரி இருக்காது, தகரத்தில் பேசுகிற மாதிரி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். உன் பழைய குரல் எது என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். பட்டாணி நாளில் "டம்ளரப் புடி" என்றாயே, அது கேட்கிறது. அதற்குப் பிறகு வந்த குரல் என்னிடம் இல்லை. மீசை அடர்ந்த பிறகு நீ எப்படிப் பேசுகிறாய் என்று எனக்குத் தெரியாது, எப்படி உதட்டை அசைக்கிறாய் என்று மட்டும்தான் தெரியும். இதை எழுதும்போது மறுபடி அழுதேன், அந்த ஈரம்தான் மேலே இருப்பது.

நேற்றுக் காலை பஸ் ஸ்டாப்பில் ஸ்டெல்லா ஓடி வந்தாள், முகமெல்லாம் வெளிச்சம். "கேட்டுட்டேன்டி! எல்லாத்தையும் புடுங்கிட்டேன் எங்க பையன்கிட்ட. பொண்ணு எந்த ஊரு, இன்னா ஆளுங்க, அப்பன் இன்னா பண்றான்..." நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். செவிட்டுக்கு இது ஒரு வசதி, கண்ணை மூடினால் உலகம் வாயை மூடிவிடும். அவள் என் கையைக் கிள்ளுகிறாள், தாடையைப் பிடித்து ஆட்டுகிறாள், நான் திறக்கவில்லை. நின்ற பெண்கள் எல்லாம் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். "சொல்லாதடி, எம்புள்ள என்கிட்ட சொன்னத எம்புள்ளகிட்டதான் வாங்கணும்" என்றேன். கண்ணைத் திறந்தபோது அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் உன் அப்பா எதிரே வந்து உட்கார்ந்தார். அவரிடம் ஸ்டெல்லா சொல்லியிருக்கிறாளோ என்னவோ, முகத்தைப் பார்த்தால் ஏதோ தெரிந்தவர் மாதிரிதான் இருந்தது. "இன்னா ஆளுங்கன்னு கூடத் தெரிஞ்சிக்க வாணாமா உனக்கு? நாளைக்கு உன் தங்கச்சி வூட்ல கேப்பாங்க. ஊர்ல கேப்பாங்க" என்றார். கேட்பார்கள், எனக்குத் தெரியாதா? தெரிந்தால் நானும் யோசிப்பேன். நான் ஒன்றும் பெரிய தியாகி இல்லை. ஊர் தெரிந்தால் ஊரை நிறுத்துப் பார்ப்பேன், ஜாதி தெரிந்தால் ஜாதியை, கோயிலா சர்ச்சா என்று தெரிந்தால் அதை. ராத்திரி முழுக்கப் புரளுவேன், காலையில் எழுந்து உனக்கு ஒரு 'ஆனால்' சொல்லுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் தெரிந்துகொள்ளாமல் இருக்கும்போதே உட்கார்ந்து எழுதுகிறேன்.

லீவு போட்டுவிட்டு வா. கிடைக்காவிட்டால் வீடியோவில் வா, ஆனால் அந்த டிஷ் பக்கம் திரும்பினாயோ, தொலைந்தாய். பகலில் வா. ஜன்னலோரம் நாற்காலி போட்டு வைக்கிறேன், வெளிச்சம் உன் வாயில் விழுகிற மாதிரி உட்கார். அவளும் வந்தால் அவளும் உட்காரட்டும். இந்திக்காரப் பெண்ணாக இருந்தால் அவள் உதட்டை நான் அரிச்சுவடியிலிருந்து படிக்க வேண்டும், படிப்பேன், லைனில் பீகார்ப் பெண்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பழகிக்கொள்வேன். வெட்கப்படு, வேண்டாம் என்று சொல்லவில்லை, என்னைப் பார்த்து வெட்கப்படு.

அவள் யார், எந்த ஊர், என்ன சாமி கும்பிடுகிறவள் என்று இந்த வரியை எழுதும் நிமிஷம்வரை எனக்குத் தெரியாது. உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் படித்துக்கொண்டிருக்கிறார், சாட்சிக்கு அவர் போதும். எனக்குச் சம்மதம்டா. இப்போது அவள் பெயரைச் சொல்.